பெயருக்கு ஒரு வால்

எங்கள் மேனேஜரின் குடும்பப் பெயரை இங்கே எழுத மாட்டேன். மரியாதையினால் அல்ல. அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாமாம், அவ்வளவு பேர்தான் உலகத்தில் இருக்கிறார்களாம். எழுதினால் ஆள் யாரென்று உடனே தெரிந்துவிடும், என் வேலைக்கு உலை வைத்தது போலாகும். அபூர்வமான பெயர் வைத்திருப்பதில் எனக்குத் தெரிந்து இந்த ஒரு லாபம்தான் உண்டு, அதுவும் அவருக்குத்தான்.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்து ஜல்லியாக்கிக் கப்பலில் ஏற்றும் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே அட்மின். விசா, லீவு, டிக்கெட், கேம்பில் ஏசி ஓடவில்லை என்கிற புகார், எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். மேனேஜர் அயர்லாந்துக்காரர். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு கேடயம் மாட்டியிருக்கும். அதில் வெட்டிய கை ஒன்று, பூனையோ சிங்கமோ ஒன்று, கீழே அவருக்கே அர்த்தம் தெரியாத லத்தீன் வரி ஒன்று. குடும்பச் சின்னமாம். ஒருநாள் கிரஷர் தூசியைத் துடைக்கும்போது பின்பக்கம் பார்த்தேன். விமான நிலையக் கடையின் விலை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

யார் வந்தாலும் ஒரு டீயும் அந்தப் பெயரின் கதையும் நிச்சயம். சிமெண்ட் கம்பெனி ஆள், டயர் விற்க வந்தவன், துறைமுகத்து அதிகாரி, ஒருவரையும் விட்டதில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அவருடைய பழைய மொழியை கேலிக் என்கிறார்கள். அதில் ‘மாக்’ என்றால் மகன். பெயரின் அடுத்த துண்டுக்கு அடியான் என்று பொருள். கடைசித் துண்டு ஒரு புனிதரின் பெயர். ஆக மொத்தம், இன்ன புனிதரின் அடியானுடைய மகன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை, அவனுக்கு ஒரு மகன் பிறந்தான். அடேயப்பா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்! எங்கள் ஊரில் குலசாமிக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு அந்தச் சாமி பேரையே வைத்து, மொட்டை போட்டு, காது குத்தி, கறிச்சோறு போட்டு முடித்துவிடுவோம். சுவரில் கேடயம் மாட்டியதில்லை.

பிறகு இங்கிலீஷ்காரன் வந்தான். அவனுடைய குமாஸ்தாக்களுக்கு இந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, காதில் விழுந்தபடி எழுதி நீளத்தை வெட்டினார்கள். நிலமும் வேலையும் வேண்டும் என்றவர்கள் தாங்களாகவே ‘மாக்’கைக் கழற்றிவிட்டு இங்கிலீஷ் பெயர் போலத் தோன்றும் ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். பஞ்சத்தில் செத்தவர்கள் போக, அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் அங்கே இன்னும் சுருக்கினார்கள். பழைய உருவத்தில் மிச்சம் இருப்பது மேற்கே ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் சில வீடுகள், இவர், கல்யாணமாகாத இவருடைய அண்ணன். இவருக்கு இரண்டும் பெண்கள், இருவரும் கட்டினவன் பெயருக்கு மாறிவிட்டார்கள். “என்னோடு கலாஸ், முடிந்தது” என்று கையை விரிப்பார். இத்தனை வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே அரபி வார்த்தை அதற்குத்தான் பயன்பட்டது.

அந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் பாவமாக இருக்கும். அடுத்த நிமிஷமே வாயைத் திறந்து அதைக் கெடுத்துக்கொள்வார். வந்தவரிடம் என்னைக் காட்டி, “இவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது தெரியுமா? தாங்கள் யாரென்று இவர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ!” என்று சிரிப்பார். நான் யாரென்று எனக்கு நன்றாகவே தெரியும். அவருக்கு அழுத்தமாக ஒரு டீ போட்டு, சர்க்கரை போடாமல் கொண்டுபோய் வைப்பேன்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் இங்கே நடக்கும் கூத்து வேறு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயராக இருந்தால் விசாவுக்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று, எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு வருகிறார்கள். ஃபோர்மேன் பெஷாவர்க்காரர், கடைசியில் இருக்கும் பெயரைத்தான் கூப்பிடுவார். ஊரில் எப்போதோ செத்துப்போன அப்பன்மார் எல்லாம் எங்கள் கிரஷரில் “ஜல்தி, ஜல்தி” என்று நாள் முழுக்க விரட்டு வாங்குகிறார்கள். அப்பா பெயரை எவனாவது சொன்னால் அரிவாளைத் தேடுகிற ஆட்கள், இங்கே “ஆயா பாய்”, இதோ வந்துட்டேன் அண்ணே, என்று ஓடுகிறார்கள்.

இல்லாமல் இல்லை, எங்களுக்கும் ஒரு காலத்தில் வால் இருந்தது. சாதிப் பட்டம். அதை எந்த வெள்ளைக்காரக் குமாஸ்தாவும் வெட்டவில்லை. வெட்கப்பட்டு நாங்களே கழற்றிப் போட்டோம், தெருப் பலகையில்கூட அழித்தோம். நாங்கள் உருப்படியாகச் செய்த சில காரியங்களில் அது ஒன்று. மேனேஜருக்கு ஒருமுறை இதை விளக்கிச் சொன்னேன். ஏதோ எங்கள் வீடு தீப்பிடித்துவிட்டது போல உச்சுக்கொட்டினார்.

இதுவரைக்கும் அவர் எனக்கு வெறும் தொல்லைதான். வினையானது கம்பெனியின் வருடாந்திர விருந்தில். நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பம். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு டைல்ஸ் கம்பெனியில் சேல்ஸில் இருக்கிறார், அவரையும் கூட்டிப்போனேன். மேனேஜருக்குப் புது ஆள் கிடைத்த சந்தோஷம். பிரியாணித் தட்டோடு இவரை ஒரு மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் நெய்ச்சோறு சாப்பிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, திரும்பிப் பார்த்தால் இவர் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தார்.

“ஆயிரம் வருசம்ட்டி! கேட்டியா? நமக்கு தாத்தாவுக்கு மேல எவன் பேரு தெரியும்? பிள்ளைக்கு நிரந்தரமா ஒரு சர்நேம் வேணும். என் பேரப் போட்டா அது அதோட நின்னுரும். பரம்பரையா வாரது ஒண்ணப் போடணும்.”

“என்ன போடப் போறிய?”

சிக்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். அவர் வீட்டுச் சாதிப் பட்டம்.

எங்கள் கல்யாணக் கதையைச் சொன்னால்தான் எனக்கு வயிறு எரிந்த காரணம் புரியும். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். இவர் ஊருக்குள், நான் ஊருக்கு வெளியே காலனியில். அந்தப் பட்டத்தைக் கல்யாணப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போடுகிற வீடுகளில், என் அப்பா வாசலோடு நின்று பேசிவிட்டுத்தான் வருவார். நாங்கள் ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்ட அன்று இவருடைய அப்பா மகனைத் தலைமுழுகிவிட்டதாக ஊரெல்லாம் சொன்னார். நிம்மதியாக இருக்கத்தான் இங்கே வந்தோம். பிறகு மாமனார் மனம் மாறி, மகனிடம் மட்டும் பேச ஆரம்பித்தார். வீடியோவில் நான் குறுக்கே வந்தால் அணைத்துவிடுவார்.

“எந்தப் பட்டத்தச் சொல்லி எங்கப்பாவ வாசல்ல நிக்க வச்சாவளோ, அதையே என் வயித்துப் பிள்ளைக்கு ஒட்டப் போறியளா? வெக்கமா இல்ல?”

“அது ஊர்ல. இங்க எவனுக்குத் தெரியும்? இங்க அது வெறும் சர்நேம்.”

எவனுக்கும் தெரியாதாம்! ஷார்ஜாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஊரில் இருந்தவரை இனிஷியலோடு அடங்கிக் கிடந்தவன், இங்கே கார்டில் பட்டத்தோடு நிற்பான். கேட்டால் பாஸ்போர்ட்டில் கேட்கிறார்கள், சர்நேம் கட்டாயம் என்பான். யாரய்யா உன்னிடம் சாதியைக் கேட்டார்கள்? அங்கே கூசிக்கொண்டு கழற்றிய அழுக்குச் சட்டையை, கடல் தாண்டி வந்து சென்ட் அடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். கை குலுக்கிய மறுநிமிஷம் “நீங்க எந்தப் பக்கம்?” என்று ஒரு கேள்வி வரும். என்னிடம் கேட்டவனுக்கு ராஸ் அல் கைமா பக்கம் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே பேச்சு அதுதான். இவர் மேனேஜரிடமிருந்து இரவல் வாங்கிய வார்த்தைகளில் வேர், அடையாளம், பாரம்பரியம் என்று ஏதேதோ சொல்வார். அந்த மனுஷனின் பெயரை அடுத்தவன் பிடுங்கினான், அவர் அழுகிறார், நியாயம். நீங்கள் எதைத் தொலைத்துவிட்டு அழுகிறீர்கள் என்று கேட்டேன். மறுபடியும் வேர் என்று ஆரம்பித்தார். பிடிவாதம் மட்டும் குறையவில்லை.

மகள் பிறந்தாள். பிறந்த பிள்ளைக்குக் குறித்த காலத்துக்குள் பாஸ்போர்ட் எடுத்து விசா அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். இவர் லேப்டாப்பில் எல்லாவற்றையும் நிரப்பி, கடைசியில் அந்தப் பட்டத்தையும் தட்டி வைத்திருந்தார். அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்றேன். நாள் போய்க்கொண்டிருந்தது. அம்மாவும் அப்பாவும் வாலுக்கு அடித்துக்கொள்ள, நாடு இல்லாமல் கிடந்தது என் பிள்ளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பூண்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இவர் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் வர முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். கை ஒழியாததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்து ஊருக்குப் பேசினார். பட்டம் என்று கேட்டால் அப்பா மனம் குளிர்ந்துவிடும், என்னையும் சேர்த்துக்கொள்வார் என்று ஒரு நப்பாசை. பாவம், முகமெல்லாம் பல்லாக இருந்தது.

“ஐயா, பிள்ளைக்கு நம்ம பட்டத்தையே போடுதேன். பாஸ்போர்ட்லயே வரும்.”

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு மேலே மாமனார் குரல் கேட்டது.

“ஏலே, ஒனக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா? அவ பெத்ததுக்கு நம்ம பட்டமா? நாளைக்கு அது வளந்து வந்து, நானும் இந்த வீட்டுப் பேத்திதான்னு பேரக் காட்டி நின்னா, நான் தெருவுல தலை காட்டண்டாமா? ஒன் பேரப் போடு, ஒன் பொண்டாட்டி பேரப் போடு, என்ன எழவையும் போடு. அத மட்டும் போடாத.”

“ஐயா, அது என் பிள்ளை.”

“ஒனக்குப் பிள்ளைதான். எங்க பட்டத்துக்கு இல்ல. வைலே ஃபோன.”

வைக்கச் சொன்னவரே வைத்துவிட்டார். இவர் முதுகைத் தட்டுவதை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தார். பிள்ளை எப்போதோ ஏப்பம் விட்டுத் தூங்கியிருந்தது, அது இவருக்குத் தெரியவில்லை. “போதுமா பவிசு?” என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. கேட்டேன். நான் ஒன்றும் தியாகி இல்லை.

இவர் உட்கார்ந்து அழுதார். எனக்கு ஆத்திரமும் அடங்கவில்லை, அவர் அழுவதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. பிள்ளையை வாங்கித் தொட்டிலில் போட்டுவிட்டு, லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பட்டத்தை அவரே அழித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என்ன போட?” என்றார்.

“அதான் ஒங்க ஐயாவே சொல்லிட்டாவளே. பொண்டாட்டி பேரப் போடுங்க.”

என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் போட்டார். கையெழுத்தை நானும் போட்டேன். மறுநாள் லீவு எடுத்து, வரிசையில் நின்று, அவரே கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை மன்னித்துவிட்டேன், முக்கால்வாசி.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று, மேனேஜர் பிள்ளையின் படத்தைப் பார்த்து, அழகு என்றார். உடனே, குடும்பப் பெயர் என்ன வைத்தீர்கள் என்றார். வேறு என்ன கேட்பார்! என்னுடைய பெயர்தான் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை, அது முதல் பெயர் அல்லவா என்றார். என்னைப் பொறுத்தவரை முதல், அவளைப் பொறுத்தவரை கடைசி என்றேன். எங்கள் தெருவிலேயே என் பெயர் நாலைந்து பேருக்கு உண்டு, ஆனால் அதைக் குடும்பப் பெயராக வைத்திருப்பவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

“அந்தக் குடும்பப் பெயரோடு எத்தனை பேர் இருக்கிறீர்கள்?” என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்.

“ஒருத்திதான்.”

கேடயத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். 

நாளைக்கு என் மகள் பெரியவளாகி, இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று கேட்பாள். ஆயிரம் வருடத்துக் கதை எதுவும் என்னிடம் இல்லை. உன் தாத்தா வைத்த பெயர்தான், ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டேன் என்று சொல்வேன்.