காற்றுப்பெட்டிக்குக் கீழே படுத்தவர்

எண்ணூர் உப்பளத்து வேலை போய், ராயபுரத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தேன். அங்கே நின்ற பழைய பாய்க்கப்பலில் வேலை கேட்டு ஏறினேன். "காலைல வா, அப்பதான் கெளம்புறோம்" என்றார்கள் கப்பல்காரர்கள். போக்கிடமில்லாமல் அங்கேயே நின்றேன்.

மேல்தளத்தில் ஒடிசலான தச்சர் ஒருவர் மரப்பெட்டி ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தார். அலை தெறித்தாலும் நீரைத் தடுத்து, கீழறைக்குக் காற்றை மட்டும் விடும் பெட்டி அது. பழையது ஒழுகியதால் கீழறையில் தூங்கும் ஆட்கள் அதில் கந்தலைத் திணித்துவிட்டு மூச்சுமுட்டக் கிடந்தார்களாம்.

"சும்மாதானே கீற நைனா? ஒரு வாளி தண்ணி ஊத்து" என்றவர், கீழே போய்ப் பெட்டிக்கு நேராக மல்லாந்து படுத்தார். ஊற்றினேன். நனைந்த முகத்தோடு ஏறிவந்து, முடித்த பெட்டியைப் பெயர்த்து மறுபடி செதுக்கிப் பொருத்தினார். மூன்று முறை இப்படி.

"கைய வெச்சுப் பாத்தாப் போதாதா?" என்றேன்.

"தூங்குறவனுக்குக் கையிலயா வுழும்? மூஞ்சிலதான்."

நான்காவது வாளியை ஊற்றியபின் அவர் ஏறிவரவில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டும் விழாத முகத்தோடு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்தக் கப்பலில் ஆளாகச் சேர்ந்தேன். படுக்க அந்த இடத்தையே கேட்டு வாங்கினேன்.