திறந்திருந்த ஒரே கட்டுரை

போன வருடம் மாம்பழ சீசன் முடிகிற நேரம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் வேதியியல் ஆசிரியை. ஆய்வுக் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி எங்கள் பல்கலைக்கழகம் இணையத்தில் ஒரு களஞ்சியம் வைத்திருக்கிறது. என் கட்டுரையையும் அதில் ஏற்றச் சொல்லி நூலகர் விடாமல் கேட்டார். பத்திரிகையில் அச்சான பக்கங்களை ஏற்றக் கூடாது, நான் எழுதி அனுப்பிய பிரதியை ஏற்றலாம் என்று விதியையும் அவரே பார்த்துச் சொன்னார். யார் படிக்கப்போகிறார்கள் என்ற அலுப்போடுதான் ஏற்றினேன். போர்வெல் தண்ணீரில் அளவுக்கு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடைச் சுட்ட செங்கல் துண்டுகளால் குறைப்பது பற்றிய கட்டுரை அது.

கொஞ்ச நாளில் ஒரு பெண் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். போனில் பேசினேன். வீடு மத்தூர் பக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். டிப்ளமோ படித்தவர். மூத்த மகளுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. பள்ளியில் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாளாம். சின்னவள் இன்னும் கைக்குழந்தை.

"எத்தனையோ தேடினேங்க மேடம். எல்லாத்தையும் காசு கட்டினாத்தான் காட்டுவேன்னு பூட்டி வெச்சிருக்காங்க. உங்களுது ஒண்ணுதான் தொறந்திருந்துச்சு. படிச்சு, டிரம்முல செங்கல் போட்டு வெச்சிருக்கேன். அந்தத் தண்ணியைப் பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா, வேண்டாமான்னு தெரியல" என்றார்.

ஆய்வகத்தில் நான் செய்து பார்த்தது வெறும் கண்ணாடிக் குழாயில். ஒரு வீட்டில் அதை யாரோ கட்டியே விட்டார்கள்!

ஞாயிற்றுக்கிழமை சோதனைப் பெட்டியோடு பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளானால் ஃப்ளோரைடு அதிகம். இளஞ்சிவப்பாக நின்றால் பயமில்லை. டிரம்மில் வடிந்த தண்ணீரில் விட்டேன். மஞ்சள். அவர் முகம் வாடிவிட்டது. மாமியார் தெலுங்கில் என்னவோ கேட்டார்.

டிரம்முக்குள் கையை விட்டுப் பார்த்தேன். துண்டுகள் கைப்பிடி அளவுக்குப் பெரிதாக இருந்தன. தண்ணீர் செங்கலில் அதிகம் படாமல் இடுக்கில் புகுந்து ஓடிவிடுகிறது. கட்டுரையில் அளவை மில்லிமீட்டரில், ஒரு அட்டவணையில் போட்டிருந்தேன். புளியங்கொட்டை அளவுக்கு உடைக்கலாம் என்றதும் அவர், கணவர், மாமியார், நான் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டினோம். தூசி போகக் கழுவி நிரப்பி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டோம். அவர்கள் போட்ட களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டேன். ருசி எதுவும் நினைவில்லை. கண்ணெல்லாம் டிரம்மின் மேலேயே.

சாயங்காலம் மறுபடி மருந்து விட்டேன். எல்லோரும் குழாயைச் சுற்றிக் குனிந்திருந்தோம். இளஞ்சிவப்பு! நான்தான் முதலில் கத்தினேன். மூத்தவள் கையைத் தட்டிச் சிரித்தாள், வாயைப் பொத்த மறந்து.

உறுதியாகத் தெரியாமல் குழந்தைக்குத் தர வேண்டாம் என்று ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து ஆய்வகத்திலும் சோதித்தேன். முடிவு சரியாகவே வந்தது. போனில் சொன்னபோது "இன்னிக்கே சின்னவளுக்கு அந்தத் தண்ணியிலயே கஞ்சி காய்ச்சறேங்க" என்றார்.

அந்த வாரமே செய்முறையை எளிய தமிழில், படத்தோடு எழுதிக் களஞ்சியத்தில் கட்டுரைக்குப் பக்கத்திலேயே சேர்த்தேன். கட்டுரை அச்சாகி வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. எழுதியதை ஒருவர் எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் ஆராய்ச்சி முடிகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.