கெலோனாவில் நின்று கேட்ட திகதி

மலைகளுக்கு நடுவே நீண்டு கிடந்தது ஏரி. அதன் சரிவெல்லாம் திராட்சைக் கொடிகள். கனடாவின் மேற்குப் பக்கத்திலுள்ள கெலோனாவுக்கு வந்த இரண்டாம் நாள், தோட்டமொன்றில் வைன் ருசி பார்க்க நின்ற நிலக்சி கிளாஸை உதட்டில் மட்டும் வைத்து எடுத்தாள்.

"என்னடி, கோயில் தீர்த்தம் மாதிரி நுனிநாக்கிலை நனைக்கிறாய்?" என்று சிரித்தாள் சிநேகிதி சாம்பவி.

ரொறன்ரோவில் அன்று அம்மா கமலாம்பிகைக்கு வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் நாள். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. பத்து வயதிலிருந்தே டொக்டரிடமும் வங்கியிலும் அம்மாவுக்காக ஆங்கிலம் பேசியவள் நிலக்சிதான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவள். இந்த முறை, "கந்தோரிலை கோர்ஸுக்கு அனுப்பினம்" என்று வேலையிடத்தின் பேரில் பொய் சொல்லிவிட்டு விமானம் ஏறியிருந்தாள். தமிழ் தெரியாத பக்கத்து வீட்டு மக்டலீன் அன்ரி அம்மாவோடு போயிருந்தார்.

கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி நேர்ஸ். காலையில் ஏதும் எடுத்தாரா என்று கேட்டால் உங்கள் அம்மாவுக்கு விளங்கவில்லை என்று சொல்லி, போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

"அம்மா, காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

"ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. நீ சொன்னபடி சுத்தப் பட்டினி."

"குடிச்சனீங்களோ?"

"பால் தேத்தண்ணி மட்டும். வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் குடிக்கிறதுதானே, பிள்ளை."

நிலக்சி கண்ணை மூடினாள். பெட்டி அடுக்கும் அவசரத்தில், "சாப்பிடக்கூடாது" என்று மட்டுந்தான் சொல்லியிருந்தாள்.

போனைத் திரும்ப வாங்கிய நேர்ஸ், நிலக்சி சொன்னதைக் கேட்டுவிட்டு, இன்று செய்ய முடியாது என்றாள். அடுத்த இடம் மார்ச் ஒன்பது காலையில்தான்.

"குறை நினையாதை. உன்ரை கோர்ஸையும் குழப்பிப்போட்டன்," என்றாள் மறுபடி போனுக்கு வந்த அம்மா.

நிலக்சிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"கோர்ஸ் இல்லையம்மா. சாம்பவியோடை சும்மா ஊர் பார்க்க வந்தனான்."



"சொல்லியிருந்தா, போயிட்டு வா எண்டு விட்டிருப்பன் தானே?"

விட்டிருப்பாள். மகளுக்காக இந்தத் திகதியையும் அம்மாவே தள்ளிப்போட்டிருப்பாள். அம்மா அப்படி விட்டுக்கொடுப்பதைப் பார்த்த பிறகு எந்த முகத்தோடு விமானம் ஏறுவது என்றுதான் நிலக்சி பொய் சொன்னாள். திகதி எப்படியும் போய்விட்டது.

"மார்ச் ஒன்பது, அம்மா. காலமை எட்டு மணி."

"அண்டைக்கு உனக்கு வேலையெல்லோ?"

"லீவு எடுக்கிறன். நான் வாறன்."

"ம்..." நம்பினாளா என்று தெரியவில்லை. "இந்தா, நேர்ஸ் நிக்கிறா. வடிவாக் கேட்டு எழுது. பச்சைத் தண்ணி குடிக்கலாமோ எண்டும் கேள்."

நிலக்சி கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, வைன் ஊற்றியவனிடம் ஒரு பேனை கேட்டாள்.