கூடைக்குள் இரண்டு முயல்கள்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் ஓர் ஆண் முயல் தனியாக வளர்ந்தது. அதற்குத் துணையாக, விழுப்புரத்தில் வேலை முடிந்து வரும்போது ஒரு பெண் முயலை வாங்கிவந்தேன். முதலில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து வாசனை பழக்க வேண்டும் என்று படித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அம்மாவிடம், "தனித்தனியா இருக்கட்டும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்தபோது, கோழிகளைக் கவிழ்த்து மூடும் கூடையின் அருகே அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"புதுக் கோழிய பழசோட ஒரே கூடையில கவுத்தா, கொத்திக்கினு அப்பறம் சேந்துக்கும். அதான் இதுங்களயும் கவுத்தேன். சத்தம் கேட்டுது, சண்ட போட்டு ராசியாவட்டும்னு வுட்டுட்டேன்டி."

பெண் முயலின் வயிறு கிழிந்திருந்தது. துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

"இது கோழி இல்லம்மா. தன் எடத்துல வேற முயல் வந்தா கடிச்சிக் குதறிடும். ஓட வழியில்லாம அடச்சா என்னா ஆவும்?" என்றார் அவர். ஊசி போடுவதற்குள் அது அம்மாவின் மடியிலேயே இறந்துவிட்டது.

"ஏன் தனியா வெக்கணும்னு சொல்லியிருந்தா கவுத்திருப்பனா?" என்று அம்மா கேட்டார்.

இப்போது வேறொரு பெண் முயல் தனிக் கூண்டில் இருக்கிறது. எதைப் படித்தாலும் காரணத்தோடு அம்மாவுக்குச் சொல்கிறேன். ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழக, இரண்டு கூண்டுகளிலும் விரித்த கோணிகளைத் தினமும் மாற்றிப் போடுவது அவர்தான். கோழிக்கூடையை மட்டும் அவர் தொடுவதில்லை. கோழிகள் பொழுது சாய்ந்ததும் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன.