பங்கஜத்தின் மூன்று லென்ஸ்கள்

பங்கஜத்திடம் மூன்று ஜூம் லென்ஸ்கள் இருந்தன. எதுவும் கேமராவைச் செய்த கம்பெனியுடையது அல்ல. அந்தக் கேமராவில் பொருந்தும்படி வேறு கம்பெனிகள் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் வயது இருபதைத் தாண்டியிருந்தது. மூன்றும் ஒரே நாளில் ஒழுங்காக வேலை செய்து அவர் பார்த்ததில்லை.

ஐம்பத்திரண்டு வயது அவருக்கு. நீலகிரியில், குன்னூர் பக்கத்து வெலிங்டனில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். வீடு ஜெகதளாவைத் தாண்டி ஒரு சரிவில். மகள் இந்து வேலைக்கு ஓசூர் போனபோது தன் பழைய கேமராவை வீட்டில் விட்டுப் போனாள். கூட இருந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து உடைந்திருந்தது. சும்மா கிடக்கிறதே என்று பங்கஜம் அதற்கு ஒரு லென்ஸ் தேடினார். புதுசின் விலையை இந்து போனில் சொன்னாள். "அதுக்கு ஒரு மாடே புடிச்சறலாமே கண்ணு" என்று போனை வைத்துவிட்டு, கோயமுத்தூரில் ஒரு பழைய கேமராக் கடையை விசாரித்துக்கொண்டு போனார்.

முதலில் வாங்கிய லென்ஸைக் கேமராவோடு கழுத்தில் தொங்கவிட்டால் அதன் குழாய் தானாக நழுவி முழு நீளத்துக்கும் இறங்கிவிடும். கொத்தமல்லிக் கட்டில் வந்த ரப்பர் பேண்டை அதற்கு மாட்டி வைத்தார். இரண்டாவதில் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்தது. பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைக்கே பூஞ்சை பிடிக்கிற ஊர். செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, டிபன் டப்பாவில் லென்ஸோடு போட்டு மூடினார். பூஞ்சை அங்கேயேதான் இருந்தது.

மூன்றாவதுதான் பெரியது. ஜூம் எழுபதிலிருந்து முந்நூறு மில்லிமீட்டர் வரை போகும். கேமராவுக்குள் மோட்டார் இல்லாததால் அதில் போக்கஸ் தானாக விழாது, கையால்தான் திருப்ப வேண்டும். வெளிச்சம் புகும் துவாரத்தைச் சுருக்கும் பின்பக்கத்து வளையம் எப்போதும் இருபத்திரண்டில் நிற்க வேண்டும்; அளவைக் கேமராவே மாற்றிக்கொள்ளும். கொஞ்சம் நகர்ந்தாலும் கேமரா பிழை என்று காட்டி, பட்டனை அழுத்த விடாது. வளையத்தின் பூட்டு தேய்ந்திருந்தது. வெளி ரப்பர் வெல்லப்பாகு போலக் கையில் ஒட்டியது. "கழுதைய வாங்கிட்டு வந்து குதிரைன்னு கட்டி வெச்சிருக்கறா" என்று குன்னூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அவர் கணவர் ஆறுக்குட்டி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன சித்திரையில் எதிர்மலையில் ஒரு பச்சை வலை எழுந்தது. வலைக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ நகர்ந்தது. அடுத்த நாள் பள்ளியில் கூடவே வேலை பார்க்கும் சுகந்தி சொன்னார்: "ஏனுங்கக்கா, எங்க ஊட்டுக்கு நேர் மேல மண்ணு வெட்டறாங்க. ராவெல்லாம் தூக்கமில்ல. மழை புடிச்சுதுன்னா அத்தனையும் எங்க கூரை மேலதான் வரும்."

மலையில் அனுமதி வாங்காமல் மண் வெட்டும் இயந்திரத்தை இறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருவரும் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு அந்த அனுமதியைக் கொடுக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவுங்க ஆள் வெச்சு வெட்டறதாத்தான் எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. மிஷின்னு நீங்க சொல்றீங்க. நாங்க வர்றதுக்குள்ள அதை ஓட்டிட்டுப் போயிருவாங்க. வண்டி நம்பர் தெரியற மாதிரி ஒரு போட்டோ கொண்டாங்க."

சுகந்தி போனில் எடுத்திருந்ததைக் காட்டினார். பச்சைக்கு நடுவே ஒரு மஞ்சள் பொட்டு. பக்கத்தில் போய் எடுக்கலாமென்றால் வாசலில் ஆள் நின்று விரட்டினான்.

"எங்கிட்ட ஜூம் லென்ஸ் இருக்குதுங்க" என்றார் பங்கஜம்.

அன்று சாயங்காலமே வீட்டு மாடியிலிருந்து முந்நூறு வரை இழுத்து எடுத்தார். கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் கஞ்சித் தண்ணீரில் நனைத்த மாதிரி இருந்தது. இயந்திரத்தின் ஓரமெல்லாம் ஊதாக் கோடு. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். அதையே அச்செடுத்துக்கொண்டு போனார். அலுவலகக்காரர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னங்கம்மா, பூசணிக்காயா?"

திரும்பி வரும் பஸ்ஸில் பங்கஜம் அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடி மாடி ஏறினார். இயந்திரம் வலையை விட்டு வெளியே வந்து, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. இதைவிட நல்ல நேரம் வராது. அழுத்தினார். பிழை. வளையத்தைத் திருப்பினார். மறுபடி பிழை. கேமராவை அணைத்துப் போட்டு, லென்ஸைக் கழற்றி மாட்டி நிமிர்வதற்குள் இயந்திரம் வலைக்குள் போய்விட்டது. கீழே வந்து லென்ஸைச் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தார்.

"உடைஞ்சா உடையட்டும்" என்றார். ஆறுக்குட்டி கிண்ணத்தை லென்ஸிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அடுத்த நான்கு நாளும் மூடுபனி. ஐந்தாம் நாள் பனி விலகியதும் கல்மழை பிடித்துக்கொண்டது. சுகந்தி தினமும் பள்ளியில் "ஆச்சுங்களாக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் லென்ஸைவிடப் பங்கஜத்தைப் படுத்தியது.

இந்து போனில் சொன்னாள்: "முந்நூறுல அது உருப்படாதும்மா. ஜூமை இருநூத்தி இருபதுல வெச்சு, வெளிச்சத்தைக் கேமராவுல பதினொண்ணுக்கு மாத்தி எடு. ஸ்டாண்ட் போடு. கையால அமுக்காத, டைமர் வெய்யி. காலைல ஏழு மணிக்கு முன்னாடி எடு, வெயில் ஏறுனா ஆவி கெளம்பிப் படம் ஆடீரும்."

"அப்பறம் எதுக்கு முந்நூறுன்னு எழுதி வெச்சிருக்கறான்?"

"எழுதறதுக்குக் காசா பணமாம்மா."

பங்கஜம் கணவரின் பெயிண்ட் கடையிலிருந்த, ஓரம் மறைக்க ஒட்டும் டேப்பைக் கிழித்துப் பின்வளையத்தை இருபத்திரண்டிலேயே ஒட்டினார். ஸ்டாண்டின் ஒரு கால் ஆடியது. அதன்மேல் அரிசி மூட்டையைச் சாய்த்தார். காலை ஆறே முக்காலுக்கு எதிர்ச்சரிவில், வலைக்கு வெளியே நின்ற இயந்திரத்தின் மேல் நேர் வெயில் விழுந்தது. திரையில் படத்தைப் பெரிதாக்கி, மயிரிழை மயிரிழையாகப் போக்கஸ் வளையத்தைத் திருப்பினார். மங்கல், மங்கல், கொஞ்சம் தெளிவு, மறுபடி மங்கல். வளையத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்ப, தெளிவு அங்கேயே நின்றது. டைமரை வைத்து, மூச்சையும் பிடித்துக்கொண்டார்.

ஏழு படங்களில் ஒன்றில் நான்கு இலக்கமும் தெரிந்தன.

அலுவலகக்காரர் நம்பரைப் பார்த்துத் தலையசைத்தார். "சரிங்கம்மா. ஆனா இது எந்த எடம்னு எப்படித் தெரியும்? மலை முழுசும் வர்ற மாதிரி ஒண்ணு வேணுமே." பங்கஜம் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ரப்பர் பேண்ட் லென்ஸில் அதையும் எடுத்து வந்தார்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. வேலையை நிறுத்தச் சொல்லிப் பச்சை வலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இயந்திரம் போனது. வெட்டின மண்ணுக்குத் தார்ப்பாய் போட்டார்கள். தடுப்புச்சுவர் கட்டிப் படத்தோடு காட்டினால்தான் மேற்கொண்டு வேலை என்றார்கள். தென்மேற்கு மழை வலுத்த இரண்டு மாதமும் சுகந்தி பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் இருந்தார். மண் இறங்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு மாதத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை பங்கஜத்தின் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். மண் வெட்டிய இடத்தின் சொந்தக்காரர் வெற்றிச்செல்வன்.

"செவுரு முடிஞ்சுதுங்க. முழுச் செவுரும் தெரியற மாதிரிப் படம் கேக்கறாங்க. கிட்டக்க நின்னா பாதிதான் வருது. உங்க மாடில இருந்துதான் செரியா வருமாமுங்க. அந்த ஆபீசருதான் உங்களைச் சொன்னாரு."

பங்கஜத்துக்கு எரிச்சலில் சிரிப்பு வரும் போலிருந்தது. "மூட்டையத் தூக்கிட்டு மேல வாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார்.

சுவர் பெரிதாக, சாம்பல் நிறமாக நின்றது. பங்கஜம் திரையில் பெரிதாக்கி ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்துக்கொண்டே போனார். மேல் வரிசையில் தண்ணீர் வடியும் துளைகள் இருந்தன. கீழே இரண்டு வரிசைக்கு ஒன்றுமே இல்லை.

"கீழ ஓட்டையே காணோமேங்க. மண்ணுக்குள்ள தண்ணி கட்டுனா செவுரு தள்ளீருமே."

வெற்றிச்செல்வன் எட்டிப் பார்த்தார். "இருக்குதுங்க. உங்க லென்ஸு பழசு, அதான் தெரியமாட்டீங்குது."

அந்த லென்ஸை ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த பங்கஜத்துக்கு இதைக் கேட்டதும் சுருக்கென்றது.

"மேல இருக்கற ஓட்டை பத்தொம்பதையும் எண்ணிட்டனுங்க. லென்ஸு செரியாத்தான் இருக்குது. நீங்க போயிக் கீழ போட்டுட்டு வாங்க, எடுத்துத் தாரேன்."

அவர் முனகிக்கொண்டே இறங்கிப் போனார். எதிர்மலையில் மூன்று நாள் துளை போடும் சத்தம் கேட்டது. நான்காம் நாள் படம் எடுத்தாயிற்று. கீழ்வரிசையில் இடது ஓரத்து இரண்டு துளைகள் மட்டும் கொஞ்சம் மங்கலாக விழுந்திருந்தன. அந்த ஓரம் அந்த லென்ஸில் எப்போதும் அப்படித்தான். அதை அவர் வெற்றிச்செல்வனிடம் சொல்லவில்லை.