விலா எலும்புக்கு ஏழு மணிநேரம்

பிறந்த வீட்டில் எனக்கு எலும்பில்லாத துண்டுகளாகப் பார்த்துப் போடுகிறார்கள். கனடாவின் கல்கரியிலிருந்து சொந்த ஊரான பாலையூற்றுக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. வீட்டிலுள்ள ஒரே மின்விசிறியும் என் பக்கமே திரும்பி நிற்கிறது. சமையலில் கைகொடுக்கக் குசினிக்குள் கால் வைத்தால் அக்கா கதிரையைத் தூக்கிவந்து விறாந்தையில் போட்டு இருத்திவிடுகிறாள். விருந்தாளியாக இருப்பது முதல் நாள் சுகமாக இருந்தது, இப்போது வலிக்கிறது. என் கையால் ஒரு நேரச் சாப்பாடு போட்டு மறுபடி இந்த வீட்டுக்காரன் ஆகிவிடுவது என்று முடிவெடுத்தேன். கனடாவில் நான் கற்ற ஒரே வித்தை, மாட்டு விலா எலும்பைப் புகையில் வேகவைப்பது.

கற்றுத்தந்தவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர். மெல்லிய நெருப்பு, மூடிய மூடி, ஏழு மணிநேரம் சும்மா இருத்தல், அவ்வளவுதான் என்றார். நானோ சட்டியைக் கண்டால் கிளறாமல் இருக்க ஏலாத பரம்பரை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அகப்பையுடன் போய்த் திறந்தேன். "இறைச்சி ஓடிப்போய்விடும் என்று பயமா?" என்று வேலிக்கு மேலால் கேட்டார். பகிடி விளங்காமல், ஓடாது என்று அவருக்கு உறுதி சொன்னேன்.

இங்கே கிண்ணியா இறைச்சிக்கடையில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், நான் வாய் திறக்கமுன் கத்தியை ஓங்கிவிட்டார்.

"வெட்டாமத் தாங்க நானா."

"வெட்டாம எந்தச் சட்டிக்குள்ள வைக்கப் போறீங்க?"

பரிதாபப்பட்டு முழுசாகவே கட்டித் தந்தார். சட்டி எனக்கு எதற்கு? வீட்டின் பின்னால் பீப்பாய் மாதிரிப் பெரிய இரும்புப் பரல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் ஆணியால் அடித்துத் துளைகள் போட்டேன். அக்கா குசினி வாசலில் நின்று பார்த்தாள். "கையைப் பாத்துத் தம்பி" என்றாள்.

உப்பும் மிளகும் தடவி, பரலுக்குள் புளியங்கட்டை மூட்டி, மேலே கம்பிவலையில் இறைச்சியை வைத்து மூடியபோது காலை ஒன்பதரை. ஒரு மணிக்கு எல்லோருக்கும் பசி. அக்காவின் புருஷன், என் அத்தான், பரலைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நெருப்புக் காணாது போல கிடக்கு" என்று ஊதக் குனிந்தவரைத் தடுத்து, பொறுமையைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தேன். நாலரைக்கு எலும்பு தானாகக் கழன்றது. எல்லோரும் பாணோடு தின்றார்கள். அத்தான் எலும்பைச் சூப்பினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கை கழுவப் போனால் பைப்பில் தண்ணீர் இல்லை.

"மத்தியானமே நிண்டிட்டுது" என்றார் அத்தான். "தண்ணி பிடிச்சு வைக்கத்தான் உன்ர அக்கா அந்தப் பரலை நேற்றுக் கழுவிக் கவிட்டவ."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "ஏனக்கா காலமையே சொல்லேல்ல?"

"ஆசையாச் செய்தனீ. இன்னும் பத்து நாளில போற பிள்ளையிட்ட என்னத்தைக் கதைக்கிறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஏசியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

இரண்டு வாளிகளுடன் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போனேன். அந்த வீட்டு அம்மா என்னைக் கண்டதும், "எப்ப வந்தனீங்கள், எப்ப போறீங்கள்?" என்று ஒரே மூச்சில் கேட்டார். பதிலுக்குச் சிரித்துவிட்டு வந்தேன். குசினிப் படியில் கால் தடுக்கி, தண்ணீர் நிலமெல்லாம் சிந்தியது.

"எருமை, பாத்து வாவன்" என்றாள் அக்கா.

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடம். அடுத்த வாளியை விளிம்புவரை நிறைத்து வந்து, வேண்டுமென்றே அவள் காலடியில் சிந்தினேன்.