அல்லித் தொட்டியில் விழுந்த உப்பு

அந்த மீன்கள் செத்துப்போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பிழைத்துக்கொண்டதுதான் பொறுக்க முடியவில்லை.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் ஒரு கல்தொட்டி இருந்தது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று அப்பா ஏரியிலிருந்து பிடித்துவந்து விட்ட சிறு மீன்கள் அதில் திரிந்தன. மீன் அப்பாவுடையது, அல்லி என்னுடையது. இடுப்பளவுச் சேற்றில் இறங்கி நானே பிடுங்கிவந்த கிழங்கு. ஒன்பது வயதில் என் பெயருக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான். அந்த ஆடியில் அதன் முதல் மொட்டு தண்ணீருக்கு மேலே தலை நீட்டியது.

பூ விரிவதற்குள் மீன்களுக்கு நோய் வந்துவிட்டது. உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. அப்பா எட்டிப் பார்த்து, "போனாப் போகுது, வேற மீனு புடிச்சுக்கலாம்" என்று ஏர் ஓட்டப் போய்விட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் வீட்டோடு இருந்த அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, மனசு கேட்கவில்லை. உடம்பில் புள்ளியோ பருவோ வந்தால் மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மீன் கோயிலுக்கு நடந்தா போகும்? அத்தை கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, முந்தானை நிறைய உப்பும் மிளகுமாகத் தொட்டியிலேயே கொட்டிவிட்டாள். மறுநாளும் கொட்டினாள்.

"ஏனுங்க அத்தை, மீனுக்கு நோவுன்னா மீனை அண்டாவுல புடிச்சு உட்டு அதுல உப்பைப் போடறதுதானுங்க? என்ற அல்லி என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் ஆவாது சாமி. ஆத்தா பாத்துக்குவா."

ஆத்தா மீனை மட்டும்தான் பார்த்துக்கொண்டாள். சில நாட்களில் புள்ளிகள் உதிர்ந்து மீன்கள் துள்ள ஆரம்பித்தன. அல்லி இலைகள் ஓரம் கருகின. மொட்டு விரியாமலே அழுகிச் சாய்ந்தது. எருமைக்குக் கழிச்சல் என்றால் பக்கத்தில் நிற்கும் கன்றின் வாயிலுமா கஷாயம் ஊற்றுகிறார்கள்? இந்த நியாயத்தை வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா சிரித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மீனைப் பார்க்க வந்து, அத்தையைக் கும்பிடாத குறைதான். அழுகிய என் கிழங்கை எருக்குழியில் எறிந்தவளும் அத்தையேதான்.

எறிந்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு மீனைக் கையில் அள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். செய்வதையும் செய்துவிட்டு அழுகை வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பூவுக்காவ அழுவறீங்களாக்கும்?" என்றேன்.

"சுத்தமாப் போயிருச்சு பாரு கண்ணு, ஒரு தழும்புகூட இல்ல" என்றாள். மீனைச் சொன்னாள்.

அத்தையின் முதுகில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்ததும், அதற்காகவே மாமா அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுப் போனதும், வருஷக்கணக்காக அவள் கோயிலில் உப்புப் போட்டுவந்ததும் பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை அவள் நல்ல சேலை உடுத்தி, என்றும் இல்லாத உற்சாகத்தோடு உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். இன்னும் எந்தச் செடியைக் கொல்லப் போகிறாளோ என்று நான் வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தேன்.